வெள்ளகெவி இறக்கமும் என் பெருவிரல் நகமும்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் இருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரைக்கு இறங்கியவர்களுக்குத் தெரியும், அது முழங்காலை மட்டும் பதம் பார்க்கிற பாதை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கி விரல் போய் முட்டும். முதல் முறை பாதி வழியிலேயே என் இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. வெள்ளகெவி ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது வழக்கம், அங்கே ஷூவைக் கழற்றியதுதான் அன்றைக்குக் கிடைத்த ஒரே சுகம்.

சைஸ் பத்தவில்லை என்று நினைத்து ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். இன்னும் மோசம். நீளம் கூடினால் ஷூ மடிகிற இடம் விரல் மடிகிற இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, குதிகால் உள்ளே தனியாகத் தூக்குகிறது. டெலிமார்க் என்று, குதிகாலைப் பலகையோடு கட்டாத ஒரு பனிச்சறுக்கு வகை உண்டு. அதற்கான ஷூவில் விரலடிக்கு மேலே துருத்தி மாதிரி மடிப்பு இருக்கும். ஷூவைப் பலகையில் மாட்டுகிற பிடியான பைண்டிங் முன்பக்கத்தைத்தான் பலகையோடு பிடிக்கும், குதிகால் எழும்பியே ஆக வேண்டும், ஆனால் ஷூவோடு சேர்ந்து எழும்ப வேண்டும். அந்த மடிப்பும் விரல் மடிகிற இடமும் ஒன்றாக வராவிட்டால் கதை இதேதான்.

சரி, பழைய ஷூவுக்கே திரும்பினேன். உள்மெத்தையை உருவித் தரையில் போட்டு மேலே நின்று பார்த்தால் விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம், ஆக நீளத்தில் குற்றமில்லை. குதிகாலைத் தட்டிப் பின்னால் தள்ளி, மேலே கடைசி இரண்டு துளைகளில் லேஸை அதே பக்கமாக நுழைத்து வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கொடுத்து இழுத்துக் கட்டினேன். அடுத்த முறை கும்பக்கரை வரை நகம் தப்பியது. ஒரே ஒரு கொப்புளம், அதுவும் சாக்ஸ் நனைந்ததால்.