எழும்பூரில் இறங்கி மெட்ரோ பிடிப்பது: ஊரிலிருந்து பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு

சுரங்க மெட்ரோவில் போகிறவர்கள் முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது வாசல். எந்த வண்டி, எவ்வளவு காசு என்பதெல்லாம் அப்புறம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து அம்மாவையும் பெரியம்மாவையும் சென்னை ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துக்கொண்டு அலைகிறவள் நான். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

நம் ஊரில் கோபுரமோ ஆற்றுப்பாலமோ கண்ணில் பட்டால் திசை தெரிந்துவிடும். பூமிக்கடியில் கிழக்கு எது மேற்கு எது என்றே தெரியாது. ஒவ்வொரு நிலையத்திலும் ஏ1, ஏ2, பி1 என்று பல வாசல்கள் இருக்கும். ஒன்று சாலைக்கு இந்தப் பக்கம் ஏறும், இன்னொன்று அந்தப் பக்கம். அண்ணா சாலையில் தப்பான பக்கம் மேலே வந்துவிட்டால், போக வேண்டிய இடம் எதிரிலேயே தெரியும். வயதானவர்களை வைத்துக்கொண்டு கடக்கத்தான் முடியாது. அப்படி ஆகிவிட்டால் சாலையில் இறங்க வேண்டாம். மறுபடி கீழே போய், டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருக்கிற கூடத்தின் வழியாகவே எதிர்ப்பக்கம் ஏறிவிடலாம்.

இதற்கு ஊரிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். டாக்டரிடம் நேரம் வாங்கப் போன் செய்யும்போதே, "மெட்ரோவில் வந்தால் எந்த வாசல் கிட்டே?" என்று கேளுங்கள். லிஃப்ட் எல்லா நிலையத்திலும் உண்டு, ஆனால் எல்லா வாசலிலும் கிடையாது. எனவே லிஃப்ட் இருக்கிற வாசல் எது என்று நிலையத்து ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் கேட்டைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்பே கேட்பது நல்லது. வாசல் எண்ணை ஆஸ்பத்திரி ஃபைல் அட்டையில் பெரிதாக எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுவேன். கூட்டத்தில் நான் தவறிப்போனாலும் அதைக் காட்டி அவர் மேலே வந்துவிடுவார்.

எந்த நிலையம் என்பது சுலபம். ஜி.எச். என்று நாம் சொல்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு சென்ட்ரல். ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு அரசினர் தோட்டம். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அதே பெயரில் நிலையம் இருக்கிறது. ஐகோர்ட்டு வழக்கு என்றால் உயர் நீதிமன்றம். இவை எல்லாமே சுரங்க நிலையங்கள்தான்.

இப்போது எழும்பூர். ராத்திரி வண்டி விடியும் முன்பே கொண்டு வந்து விட்டுவிடும். முதல் மெட்ரோ காலை 5 மணிக்கு. அதற்கு முன் வந்துவிட்டால் அவசரப்பட வேண்டாம், ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம். ரயில் நிலையத்தில் காந்தி இர்வின் சாலைப் பக்கமாக வெளியே வாருங்கள். பின்பக்கம், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் போய்விடாதீர்கள். எழும்பூரில் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு, டிக்கெட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயிலில் கிண்டிக்கோ பரங்கிமலைக்கோ வந்து மெட்ரோவுக்கு மாறலாம். பஸ்ஸில் வந்து கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு அங்கே மெட்ரோ இன்னும் இல்லை. மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வரை போய்த்தான் ஏற வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்வார்கள். நம் ஆட்கள் கை வீசிக்கொண்டு போவதில்லையே. பெரியம்மா தன் பிள்ளை வீட்டுக்கு வத்தக்குழம்பு வைத்து எவர்சில்வர் தூக்கில் எடுத்து வருவார். பெல்ட்டில் தூக்கைத் தனியாக வைத்தால் ரப்பர் திரையில் இடித்துச் சாய்ந்துவிடும். எண்ணெய் மிதக்கிற குழம்பு, மூடி இடுக்கு வழியாகக் கசிந்து பக்கத்துப் பையெல்லாம் நனைந்துபோகும். தூக்கின் வாயில் வாழை இலைத் துண்டைப் போட்டு மூடி, துணியால் இறுக்கிக் கட்டி, அகலமான பைக்குள் இரண்டு பக்கமும் புடவையை அணை கொடுத்து நிற்க வையுங்கள். வெற்றிலை, காபித்தூள், அசோகா அல்வா எல்லாம் கொண்டுபோகலாம். கத்தி, அரிவாள்மனை வேண்டாம். புதுக்குடித்தனத்துக்குச் சீர் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் மாதிரி தீப்பிடிக்கிற சாமானும் கூடாது.

டிக்கெட் 10 ரூபாயிலிருந்து அதிகபட்சம் 50 வரை. கவுன்டரில் காகிதச் சீட்டு வாங்கலாம். செல்போனில் கியூஆர் டிக்கெட்டோ, பணம் போட்டு வைத்துக்கொள்கிற சிங்காரச் சென்னை பயண அட்டையோ என்றால் 20 சதவீதம் குறைவு. சீட்டை வெளியே போகும் கேட்டிலும் காட்ட வேண்டும், கசக்கித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேட் ஓர் ஆளுக்குத்தான் திறக்கும். பெரியவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். நகரும் படிக்கட்டிலும் அதேதான். பழக்கமில்லாதவர்களுக்கு லிஃப்ட்தான் நிம்மதி.

சுரங்க நிலையத்தில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணாடிச் சுவர் இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் அதன் கதவும் சுவரின் கதவும் சேர்ந்தே திறக்கும். கொஞ்ச நேரம்தான், மூடிவிடும். ஒருவர் ஏறி ஒருவர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஏற்பாடு: ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்பார், மற்றவர் அடுத்த வண்டியில் வந்து சேர்ந்துகொள்வார். கீழே போன் சரியாகக் கேட்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

எழும்பூர் பச்சைத் தடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சென்ட்ரல், மறுபக்கம் கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை. அரசினர் தோட்டம், தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை போகிறவர்கள் சென்ட்ரல் வரை ஒரே ஒரு நிலையம் போய், அங்கே நீலத் தடத்துக்கு மாற வேண்டும். மாறும்போது கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. உள்ளேயே தளம் மாறி, "விமான நிலையம்" என்று போட்டிருக்கிற நடைமேடைக்குப் போங்கள். "விம்கோ நகர்" என்றால் வடக்கே போய்விடுவீர்கள்.

மயிலாப்பூர், அடையாறு, சோழிங்கநல்லூர் பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு இந்த வழியெல்லாம் இன்னும் உதவாது. அவர்களுக்காகத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிற மெட்ரோவின் இரண்டாம் கட்டம்: மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர். அந்தச் செய்தி எதைப் பார்த்தாலும் விடாமல் படிப்பேன். கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு ஆற்றுக்கு அடியில் துளைத்துப் போக 2023இல் இரண்டு இயந்திரங்களை இறக்கினார்கள். ஒன்றின் பெயர் அடையாறு, இன்னொன்றின் பெயர் காவிரி! அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம காவேரியா?" என்று இரண்டு தடவை கேட்டார். இயந்திரத்தின் முகத்தில் இருக்கிற சக்கரம் சுற்றி மண்ணைக் குடையும். பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பூட்டிக்கொண்டே போவார்கள். கிணற்றுக்கு உறை இறக்குகிற மாதிரிதான், இது படுக்கை வாட்டில். கடற்கரைப் பக்கம் நீர் சுரக்கிற மணல், தெற்கே போகப் போகப் பாறை. வேகமாக முடிகிற வேலை இல்லை என்பது நமக்குப் புரிய வேண்டும்.

அதுவரை மயிலாப்பூருக்கு, சென்ட்ரலில் மேலே வந்து பக்கத்திலிருக்கிற பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் பிடித்துத் திருமயிலையில் இறங்குங்கள். லஸ், கச்சேரி சாலைப் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருப்பதால் ஆட்டோவில் போனாலும் சுற்றித்தான் போகும். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் கையில் நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பும்போது மாலை 5 முதல் 8 வரை நல்ல கூட்டம். ராத்திரி வண்டிக்கு வருகிறவர்கள் ஐந்துக்கு முன்பே எழும்பூர் வந்து உட்கார்ந்துவிடலாம், அல்லது எட்டு மணி கழித்து ஏறலாம். பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, நடைமேடையிலேயே குறித்திருப்பார்கள். எழும்பூரில் இறங்கியதும் லிஃப்ட் இருக்கிற வாசலைக் கேட்டு மேலே வந்து, வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று பார்த்துவிட்டு, அப்புறம் சாப்பாடு வாங்கப் போங்கள்.