அம்பாசிடரின் வளைந்த குரோம் பம்பரை நிமிர்த்தும் முறை

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டு கேட் தூணிலேயே கொண்டுபோய் இடித்ததில், என்னுடைய 1978ஆம் ஆண்டு மார்க் 3 அம்பாசிடரின் முன் பம்பர் இடப்பக்கத்தில் 7 செ.மீ. அளவுக்கு உள்வாங்கிவிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. அதன்பின் கடைகளில் நான் பார்த்த மாற்றுப் பம்பர்களின் தகடு கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரிந்தது. ஆகவே பழையதையே நிமிர்ப்பதென்று முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்குமுன், நகத்தைப் பம்பரின் வளைந்த பகுதியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நாம் குரோம் என்று சொல்லும் பளபளப்பில் பெரும்பங்கு அடியிலுள்ள நிக்கலுடையது. அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனத்தில்தான் குரோம் படிந்திருக்கும். அது மிகக் கடினமானது, ஆனால் எஃகைப் போல் வளைந்து கொடுக்காது. நகம் எங்கும் தட்டாமல் வழுக்கினால் முலாம் தப்பித்திருக்கிறது என்று கொள்ளலாம். மயிரிழை விரிசல்கள் தட்டுப்பட்டால், எவ்வளவு நேர்த்தியாக நிமிர்த்தினாலும் பின்னர் முலாம் போட்டே தீர வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முந்தைய இரவே எல்லா நட்டுகளிலும் துருப்பிடிப்பை இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். பம்பரை இறக்கும்போது மறுமுனையைப் பிடிக்க இன்னொருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அச்சு எடுப்பது. நான் முழுமையாக ஏமாந்த இடம் இதுதான். பம்பரின் இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்தவை என்பதால், நன்றாக இருக்கும் பக்கத்தின் வளைவைப் பிளைவுட்டில் வரைந்து அறுத்து, அதைத் திருப்பிப் போட்டால் கெட்ட பக்கத்துக்கான அளவு கிடைத்துவிடும். நான் அவசரப்பட்டு, பம்பர் காரில் பூட்டியிருக்கும்போதே வலப்பக்கத்தை வரைந்துகொண்டேன். பம்பரைக் காரோடு பிணைக்கும் பிராக்கெட்டும் இடியில் வளைந்திருந்ததால், பார்வைக்கு ஒழுங்காக இருந்த வலப்பக்கமும் அதன் இழுப்பில் சற்றே விரிந்து நின்றிருக்கிறது. கடைசி நட்டைக் கழற்றியபோது பம்பர் ‘டங்’ என்று ஒரு துள்ளு துள்ளியது. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. விரிந்த வளைவுக்கு அச்செடுத்து, அதற்குப் பொருந்தும்படி ஒரு நாள் முழுவதும் உழைத்து, மறுநாள் பூட்டப் போனால் போல்ட் துளை பிராக்கெட்டின் துளையிலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றது. எனவே பம்பரைக் கழற்றித் தரையில் வைத்து, எந்தப் பிடிப்பும் இல்லாத நிலையில் மட்டுமே அச்செடுங்கள். அட்டை வேண்டாம், ஓரம் மழுங்கி இரண்டு மில்லிமீட்டர் ஏமாற்றிவிடும்.

பிராக்கெட்டுகளையும் தனியாகக் கழற்றி, இடதையும் வலதையும் முதுகோடு முதுகாக வைத்து ஒப்பிடுங்கள். அவை பட்டைக் கம்பிகள்தாம். வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்தே சரிசெய்துவிடலாம்.

இனி நிமிர்த்துதல். எடுத்த எடுப்பில் சுத்தியலைத் தூக்குவது தவறு, ஏனென்றால் அடி தகட்டை நிமிர்த்துவதைவிட நீட்டுகிறது, நீண்ட தகடு மறுபடி சுருங்காது. நான் பயன்படுத்தியது இரண்டு டன் பாட்டில் ஜாக். பம்பரைவிட நீளமான கனத்த மரவிட்டம் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன்மேல் ஜாக்கை நிறுத்தி, பளபளப்பான முகம் மேலே இருக்கும்படி பம்பரை அதன்மேல் வைத்து, நசுங்கிய இடத்துக்கு இருபுறமும் ஓர் அடி தள்ளிச் சங்கிலியால் விட்டத்தோடு கட்டிவிட வேண்டும். சங்கிலி படும் இடங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். ஜாக்கின் தலைக்கும் பம்பரின் முதுகுக்கும் இடையே, பம்பரின் உட்குழிவுக்கு ஏற்பச் செதுக்கிய மரக்கட்டை அவசியம். அது இல்லாமல் ஏற்றினால் ஒரு நசுங்கல் போய், முகத்தில் கொப்புளம்போல் இன்னொன்று கிளம்பிவிடும்.

ஐந்து மில்லிமீட்டர் ஏற்றுங்கள், இறக்குங்கள், அச்சை வைத்துப் பாருங்கள். எஃகு திரும்பித் துள்ளும் குணமுடையது என்பதால், முதல் சில தடவைகளில் ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும். வேண்டிய அளவைத் தாண்டி ஏற்றி இறக்கினால்தான் அது சரியான இடத்தில் வந்து உட்காரும். எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதை உங்கள் பம்பர்தான் சொல்லும். ஏற்றும்போது முகத்துக்கு நேராகக் குனிந்து நிற்காதீர்கள், சங்கிலி நழுவினால் பம்பர் எகிறும்.

மேலோட்டமான வளைவு இதிலேயே போய்விடும். கூர்மையாக மடிந்த கோடு மட்டும் நிற்கும். அதற்கு முன்பக்கம் மணல் மூட்டையைத் தாங்கலாகக் கொடுத்து, பின்பக்கத்திலிருந்து கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறுசிறு தட்டாகத் தட்டுங்கள். ரப்பர் சுத்தியல் எனக்கு ஒத்துவரவில்லை. அடித்த வேகத்தில் பாதி கைக்கே திரும்பி வருகிறது. கேஸ் வைத்துச் சூடாக்கினால் சுலபமாகுமே என்று சிலர் சொல்வார்கள். சூடேறிய குரோம் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும், உரியவும் கூடும். முலாமைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

முலாம் தப்பித்திருந்தால், மேற்பரப்பில் படிந்த துருவை, சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்தே எடுக்கலாம். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. பிறகு மெழுகு பூசுங்கள். முலாம் விரிசல் விட்டிருந்தால், பம்பரை ஒருமுறை காரில் பூட்டி எல்லாத் துளைகளும் நேராக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே முலாம் பட்டறைக்கு அனுப்புங்கள், ஏனென்றால் புது முலாம் ஏறிய பின் ஒரு தட்டுகூடத் தட்ட முடியாது. பள்ளங்களில் பட்டி வைத்து நிரவி அனுப்பாதீர்கள். பட்டியில் மின்சாரம் பாயாது, அதன்மேல் முலாமும் ஏறாது. பழைய முலாமை வீட்டிலேயே கிரைண்டர் போட்டு எடுப்பதும், குரோமிக் அமிலம் வாங்கி முலாம் போட்டுப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். முலாம் தொட்டியிலுள்ள ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், நட்டைத் திருகினால் போல்ட்டும் சேர்ந்தே சுற்றுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் எழுத மறந்த விஷயம் அது. பம்பர் போல்ட்டின் உருண்டைத் தலைக்குக் கீழே சதுரக் கழுத்து உண்டு. பம்பரின் சதுரத் துளையில் அது பிடித்துக்கொள்வதால்தான் நட்டு கழல்கிறது. துருவில் அந்தத் துளையின் மூலைகள் தேய்ந்துவிட்டால் போல்ட்டை நிறுத்த வழியில்லை. தலையைப் பிளையரால் கவ்வினால் சுற்றியுள்ள குரோம் கீறும். பின்பக்கத்திலிருந்து இரும்பறுக்கும் ரம்பத் தகட்டால் நட்டை நெடுக்குவாட்டில் அறுத்து, உளியால் பிளந்துவிட்டுப் புது போல்ட் போடுவதே நல்லது.