கைகொடுக்க வைத்து அனுப்பிவிடாதீர்கள்

தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்கள். பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும், வகுப்பில் சண்டை சச்சரவு கூடாது என்று ஆசைப்படுவார்கள். அந்த அவசரத்தில், நாங்கள் ஒரு காலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட அதே வேலைகளைத் திரும்பச் செய்கிறார்கள். கத்தாதீர்கள், அடிக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பள்ளிகளை மனத்தில் வைத்து மற்றதைச் சொல்கிறேன்.

நட்சத்திர அட்டை

பிள்ளைகளுக்கு நட்சத்திரம் ஒட்டுங்கள். யாருக்குக் குறைவு என்று தெரியும்படி சுவரில் மாட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் சண்டை என்று நினைப்பது

ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும். ஆசிரியர் இன்னொரு பிள்ளையையும் கூப்பிடுவார். "சரி, ரெண்டு பேரும் கைகொடுத்துக்குங்க. சாரி சொல்லு. இனிமே கூட்டாளி." விஷயம் முடிந்தது, பாடம் தொடங்கலாம். இதை எங்கே பார்த்தாலும் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது.

திடலில் பந்துக்காக இருவர் மல்லுக்கட்டினால் இது போதும். இருவரும் சமபலம், இருவருக்கும் கோபம், நாளைக்கு மறந்துவிடுவார்கள். பகடிவதை அப்படியில்லை. 1970களிலிருந்து சுவீடனிலும் நார்வேயிலும் இதை ஆராய்ந்த டான் ஓல்வியஸ் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்ப நடப்பது, ஒருவர் கை ஓங்கியிருப்பது. மூன்றாவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தோட்டத்தில் கிராணி (கணக்கர்), தண்டல் (மேற்பார்வையாளர்) அதிகாரம் செய்த காலமெல்லாம் மலையேறிவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளிடம் வேறு கணக்கு ஓடுகிறது: யாருடைய அப்பா வேன் ஓட்டுகிறார், யாருடைய அக்கா ஆறாம் ஆண்டில் மாணவர் தலைவி, யார் வீட்டில் விளையாடக் கைப்பேசி கிடைக்கும்.

ஒரு பள்ளியில் நடந்தது. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்குவான். ஐந்தாம் ஆண்டுப் பையன் வந்து அதிலிருக்கும் முட்டையை எடுத்துக்கொண்டு போவான். தினமும் இதே கதை. புதிதாக வந்த டீச்சர் இருவரையும் நிறுத்திக் கைகொடுக்க வைத்தார். பெரியவன் சிரித்துக்கொண்டே சாரி சொன்னான். மதியம் இருவரும் ஒரே வேனில் ஏறினார்கள். வேன் ஓட்டுபவர் பெரியவனின் அப்பா. தோட்டத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். வேனில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மறுநாளிலிருந்து சின்னவன், பொட்டலத்தைப் பிரித்ததும் முட்டையைத் தனியாக எடுத்து ஓரத்தில் வைத்துவிடுவான். யாரும் கேட்பதற்கு முன்பே. டீச்சர் என்னிடம் வந்து, "இப்ப ரெண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிடுறாங்க சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தக் கைகொடுப்பில் சின்னவனுக்குப் புரிந்தது, டீச்சரிடம் சொல்லிப் பயனில்லை என்பதுதான். சுற்றி நின்று பார்த்த பிள்ளைகளுக்கும் அது புரிந்திருக்கும். அப்புறம் யார் வந்து சொல்வார்கள்?

தனித்தனியாகப் பேசுங்கள். ஓல்வியஸ் 1983இல் பெர்கன் நகரப் பள்ளிகளில் தொடங்கிய திட்டமும் இதைத்தான் சொல்கிறது. முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளை, அதுவும் மற்றவர் கண்ணில் படாமல். நூலகத்தில் புத்தகம் அடுக்கக் கூப்பிடுவதுபோல் கூப்பிடலாம். பிறகு பார்த்தவர்கள். செய்தவன் கடைசியில். அவனிடம் "அவன் சொன்னான்" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "நான் பார்த்தேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கு நீங்கள் இரண்டு நாளாவது ஆசிரியர் அறையை விட்டுச் சிற்றுண்டிச்சாலையில் போய் நின்றிருக்க வேண்டும். வேனில் யார் எங்கே உட்காருவது என்பதையும் பேசித் தீர்த்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சின்னவனிடம் திரும்பக் கேளுங்கள், அதற்கடுத்த வாரமும் கேளுங்கள். மன்னிப்பு அப்புறம் வரட்டும், அதுவும் சின்னவன் அதைக் காதால் கேட்க விரும்பினால்.

நடந்ததைத் தேதி போட்டு எழுதிக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த அப்பா பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பார். கோயில் திருவிழாவில் பக்கத்தில் நின்று பேசுவார். "நம்ம புள்ளைங்கதானே சார், விடுங்க" என்பார். தயக்கம் வரத்தான் செய்யும். எழுதுங்கள்.

"சேர்ந்து விளையாடு" என்று சொல்லிவிட்டுப் போவது

எப்படிச் சேர்வது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கூச்சமில்லாத பிள்ளை ஓடிப்போய் நடுவில் புகுந்து பந்தை உதைக்கும், திட்டு வாங்கும். கூச்சப் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதலில் ஓரமாக நின்று என்ன விளையாட்டு என்று பார்ப்பது, ஆட்டம் நிற்கும்போது "நானும் வரட்டா?" என்று கேட்பது, வேண்டாம் என்றால் வேறு இடம் போவது: இதை நன்னெறிக் கல்வி வேளையில் எழுதிப் போட்டால் ஏறாது. பிள்ளைகளை எழுப்பி நடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். மறுக்கிற பிள்ளைக்கும் பயிற்சி தேவை. "அடுத்த ஆட்டத்துல வா" என்று சொல்லத் தெரிந்தாலே பாதி அழுகை குறையும்.

நம் பள்ளிகளில் இன்னொரு சிக்கல். 150 பேருக்கும் குறைவான குறைந்த மாணவர் பள்ளி என்றால் வகுப்பில் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். அவர்கள் ஒதுக்கிவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் போக வேறு கூட்டமே இல்லை. அதனால் ஓய்வு நேரத்தில் வயது கலந்து விளையாட ஒன்றிரண்டு ஆட்டங்களை நீங்களே தொடங்கி வையுங்கள்.

ஆர்.எம்.டி. (வசதி குறைந்த பிள்ளைகளுக்கான இலவச உணவுத் திட்டம்) உணவுக்குச் சபைகூடலில் பெயர் வாசிப்பது

வேண்டாம். பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

"உங்கப்பனும் இப்படித்தான்"

மூத்த ஆசிரியர்களின் வியாதி இது, புதியவர்களுக்கும் சீக்கிரம் தொற்றிக்கொள்கிறது. அப்பாவுக்கும் நீங்களே பாடம் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சைப் பிள்ளையிடம் எடுக்காதீர்கள்.

வகுப்புப் புலனத்தில் (வாட்ஸ்அப் குழுவில்) சண்டையைப் பற்றி எழுதுவது

பள்ளி விடுவதற்குள் இரண்டு வீட்டாரும் வாசலில் வந்து நிற்பார்கள்.