கேஷ் போல்டருக்கு 777 வேண்டாம்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆபீசில் ஆறு பேருக்கும் ஒரே சர்வர், ஒரே சிகேஷ் (ஒருமுறை கம்பைல் செய்ததைச் சேமித்து வைத்து மறுமுறை அப்படியே எடுத்துத் தரும் புரோகிராம்). புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் வந்து, "அண்ணாச்சி, கேஷ்ல எழுதவே விடமாட்டேங்கு. 777 போட்டேன், இப்ப ஓடுது" என்றான். ரெண்டு நாளாக அப்படியே கிடந்திருக்கிறது.

முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான். கேஷில் இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல், அதாவது கம்பைல் ஆன துண்டு, நேராக நம் புரோகிராமுக்குள் போகிறது. 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும்; அந்த சர்வரில் கணக்கு உள்ள எவரும், பலவீனமான ஒரு வெப் சர்வீஸின் கணக்கு உட்பட, அங்கே ஒரு ஃபைலை மாற்றி வைக்கலாம். நம் சோர்ஸ் சுத்தமாகவே இருக்கும். வெளிவரும் பைனரி கெட்டிருக்கும். எங்கே தேடுவீர்கள்?

பில்டுக்கென்று ஒரு குரூப் உண்டாக்கி, போல்டரை அதன் பேரில் மாற்றி 2770 கொடுங்கள்: ஓனருக்கும் குரூப்புக்கும் எல்லா அனுமதியும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. முன்னால் நிற்கும் 2 செட்ஜிஐடி. அது இருந்தால்தான் உள்ளே புதிதாகப் பிறக்கும் ஃபைலுக்கும் போல்டரின் குரூப்பே வரும். எல்எஸ் மைனஸ் எல் போட்டு அனுமதிகளைப் பார்த்தால் குரூப்புக்கான மூன்று எழுத்தில் கடைசி எக்ஸ், எஸ் ஆகியிருக்கும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். யூமாஸ்க் (புதிதாகப் பிறப்பதற்கு எந்த அனுமதியைக் கழிப்பது என்ற அமைப்பு) 022 என்றிருந்தால் புது சப்-போல்டர் குரூப்புக்கு எழுத அனுமதி இல்லாமலே பிறக்கும். சிகேஷ், ஹாஷின் (அது கணக்கிடும் அடையாளக் குறியின்) முதல் எழுத்தை வைத்துப் பதினாறு சப்-போல்டராகப் பிரிக்கும். எதை யார் முதலில் உண்டாக்கினாரோ அது அவருடையது. அதனால் ஒரு ஃபைல் சேரும், அடுத்தது சேராது. காரணம் தெரியாமல் அரை நாள் போய்விடும். யூமாஸ்க் 002 வேண்டும். அதை பேஷ்ஆர்சியில் (ஷெல் திறக்கும்போது படிக்கும் ஃபைல்) எழுதாதீர்கள்: உங்கள் சொந்த ஃபைல்களும் குரூப்புக்குத் திறந்துவிடும், கிரானில் (நேரம் குறித்து வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் பில்டோ அதைப் படிக்கவே படிக்காது. சிகேஷின் கான்ஃபிகிலேயே யூமாஸ்க் என்று தனி அமைப்பு இருக்கிறது.

பழையதைச் சரிசெய்ய மொத்தமாக 2770 அடித்தால் சாதாரண ஃபைலும் எக்ஸிக்யூட்டபிள் ஆகிவிடும். ஃபைண்ட் கமாண்ட் வைத்து போல்டருக்கு மட்டும் செட்ஜிஐடி கொடுங்கள்; ஃபைலுக்கு குரூப் படிக்க, எழுத அனுமதி போதும். டெம்ப் போல்டரைப் பார்த்து ஸ்டிக்கி பிட் போடுவோரும் உண்டு. போட்டால் ஒருவர் வைத்த ஃபைலை இன்னொருவர் அழிக்க முடியாது, கேஷ் நிரம்பும்போது கிளீனப் தடுமாறும்.

ஆளைக் குரூப்பில் சேர்க்கும் யூசர்மாட் கமாண்டில் சின்ன ஏ ஆப்ஷன் விட்டுப்போனால் அந்த ஆள் மற்ற குரூப்களிலிருந்து கழன்றுவிடுவார். சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து வரச் சொல்லுங்கள். அந்தத் தம்பிக்கு முதலில் எழுத முடியாமல் போனதே அப்படி லாக்அவுட் செய்து வராததால்தான்.

அந்த ரெண்டு நாளில் யார் எதை வைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. அதனால் கேஷை முழுக்கக் காலிசெய்துவிட்டு, அவனையே முதல் பில்டை ஓட்டச் சொன்னேன்.