மின்தடை நஷ்டக் கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

மின்தடையால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால், கிடைக்காமல் போன யூனிட்டைக் கட்டணத்தால் பெருக்கிச் சொல்கிறவர்கள் நிறைய. அது மின்வாரியத்துக்கு வராமல் போன வருமானம். நுகர்வோரின் நஷ்டம் வேறு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த அளவைத் தாண்டாத வீட்டில் எத்தனை மணி நேரம் கரண்ட் போனாலும் இந்தக் கணக்கில் நஷ்டம் பூஜ்யம்தான். மோட்டார் ஓடாமல் கிணற்றடியில் குடத்தோடு நிற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வைத்து நேரத்தால் பெருக்குவதும் தவறு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சல் பக்கத்து ஐஸ் பிளாண்டைப் பார்ப்போம். தகர அச்சில் ஊற்றிய தண்ணீர், குளிர்ந்த உப்புநீர்த் தொட்டிக்குள் இறங்கி மெல்ல மெல்ல உறையும். தொட்டி ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் அரை மணி நேரம் கம்ப்ரஸர் நின்றால் பெரிய சேதமில்லை. பல மணி நேரம் நின்றால் உப்புநீர் சூடேறி, விடியற்காலை படகில் ஏற வேண்டிய ஐஸ் பாதி உறைந்தபடி கிடக்கும். அதற்கப்புறம் நஷ்டம் பிளாண்டுக்காரருடையது மட்டுமல்ல, ஐஸுக்குக் காத்திருக்கும் படகுக்காரருடையதும்கூட. பிரவுசிங் சென்டரில் நிலைமை நேர்மாறு: நொடி நேரம் போய் வந்தாலே பாதி நிரப்பிய விண்ணப்பம் காலி.

தேதியையும் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது போகும் கரண்டும், மீன் குவியும் மாதத்தில் போகும் கரண்டும் ஒரே விலையா? மின்துறையில் பெரிதாகப் பேசப்படும் 'சைடி' (SAIDI) எண், ஓர் இணைப்புக்கு ஆண்டில் சராசரியாக எத்தனை நிமிடம் தடை என்று மட்டுமே சொல்லும். அதில் ஐஸ் பிளாண்டும் ஓர் இணைப்பு, ஒற்றை அறை வீடும் ஓர் இணைப்பு.

விற்காமல் போன தொகை முழுவதையும் நஷ்டம் என்று எழுதாதீர்கள். சரக்கு கடையிலேயே இருந்தால் போனது லாபம் மட்டும். சாயங்காலம் அதே ஆள் திரும்பி வந்து வாங்கினால் அதுவும் இல்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ஏராளமான மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. சாய்ந்த ரப்பர், வாழையை மின்தடைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது காற்று செய்த வேலை. அதேபோல, சில மணி நேரத் தடைக்கான மதிப்பை இத்தகைய நீண்ட தடைக்கு நீட்டவும் கூடாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் உருவாக்கிய மின்தடைச் செலவுக் கணிப்பானே 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட தடைகளுக்கு உரியதல்ல. செல்போன் டவரும் குடிநீர் மோட்டாரும் சேர்ந்து படுத்துவிட்டால் கணக்கே மாறிவிடும்.

கடைசியாக, இன்வெர்ட்டர் வைத்திருப்பவர். "எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்பார். கணக்கெடுப்பவரும் பூஜ்யம் போட்டுவிடுவார். பேட்டரி வாங்கிய காசு, சில வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றும் காசு, ஜெனரேட்டர் என்றால் டீசல், எல்லாம் மின்தடைக்காகக் கொடுத்ததுதானே? கரண்ட் ஒழுங்காக இருந்த மாதத்திலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.