கடற்காற்று ஊரில் பெரியோரின் உடைமைகளைக் காக்கும் முறை

பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் புதுச்சேரி. அவருடைய வீடும், பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாவேந்தர் இல்லமும் இன்று அருங்காட்சியகங்களாக உள்ளன. அத்தகைய பெரியோர் ஒருவரின் பொருள் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியின் கீறலும் பேனா முள்ளில் உறைந்த மையும் அவர் வாழ்ந்ததற்கான சான்றுகள். அது யாருடையது, யார் யார் கைவழியாக வந்தது என்பதை, விவரம் அறிந்த முதியவர் இருக்கும்போதே எழுதி வையுங்கள். அந்த வரலாறு இல்லையென்றால், அருங்காட்சியகத்துக்கு அது வெறும் பேனாதான்.

கடிதங்களில் குத்திய குண்டூசி உப்புக்காற்றில் துருவேறித் தாளையே அரித்துவிடும் என்பதால், அதை மெல்ல அகற்றி, கடிதங்களை அமிலமற்ற தாளுறையில் இடுங்கள். லேமினேஷன் செய்வதும் செலோடேப் ஒட்டுவதும் மீட்கவே முடியாத கேடு. இதை மன்றாடிச் சொல்கிறேன். மழைநீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, ஈரப்பதம் ஏறக்குறைய 50 விழுக்காட்டில் நிலையாக இருக்கும் உள்ளறையில் வையுங்கள். காட்சிக்கு வைத்தால் ஒளி 50 லக்ஸைத் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) தாண்டலாகாது. வெளுத்த மை திரும்பாது. நன்கொடையாக அளிக்கும்போது, பட்டியலுடன் எழுத்துபூர்வமான ஒப்புகை பெறுங்கள்.