அபலோன் அல்ஜினேட் லையேஸ் சூட்டுக்கு எவ்வளவு நேரம் தாங்கும், அளக்குறது எப்படி

அபலோன் பழுப்புக் கடல்பாசி தின்னு வளர்ற கடல் நத்தை, அதோட செரிமான நீர்ல இருக்கிற அல்ஜினேட் லையேஸ்ங்கிற என்சைம்தான் பாசியோட அல்ஜினேட்டை, அதாவது நீளமான சர்க்கரைச் சங்கிலியை, வெட்டுது. ஜப்பான் அபலோன்ல இருந்து எடுத்த எச்டிஏலைங்கிற லையேஸுக்கு 45 டிகிரிலதான் வேகம் அதிகம்னு படிச்சுட்டு, அப்போ 45ல வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். அங்கதான் மாட்டுனேன். வேகம் பாக்குற டெஸ்ட் சில நிமிஷம்தான், அதுக்குள்ள கொஞ்சம் என்சைம் செத்தாலும் சூட்டுல கூடுற வேகம் அதை மறைச்சிரும். தாங்குமான்னு தெரியணும்னா தனியா சுடவச்சு, ஆறவச்சு, அப்புறம் அளக்கணும்.

முதல்ல 0.15 சதவீதம் சோடியம் அல்ஜினேட், 10 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர்ல (பிஎச் மாறாம பாத்துக்கிற கரைசல்), பிஎச் 7. பவுடரை மொத்தமா கொட்டாதீங்க, கட்டி தட்டிரும், கலக்கிக்கிட்டே தூவுங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், கால்சியம் இருந்தா ஜெல் ஆகிரும்.

அடுத்து என்சைமை பஃபர்ல கலந்து சின்ன பிசிஆர் டியூப்ல பிரிச்சு வைங்க. சுடவைக்க வாட்டர் பாத்தை விட பிசிஆர் மெஷின்தான் (டிஎன்ஏ நகலெடுக்க டியூபைச் சூடாக்குற மெஷின்) எனக்கு பிடிக்கும், சட்டுனு சூடாகும், மூடியும் சூடா இருக்கிறதால ஆவி மேல போய் ஒட்டாது. மெஷினை 45 டிகிரில வச்சு 0, 5, 10, 20, 40 நிமிஷத்துக்கு ஒரு டியூப் எடுத்து உடனே ஐஸ்ல போடுங்க.

என் ரெண்டு வாரத்தை முழுங்கின இடம் இதுதான். சூடே படாத டியூப்லயும் அளவு குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, நான் சூட்டைத் திட்டிக்கிட்டு இருந்தேன், கடைசில பாத்தா ரொம்ப நீர்த்த புரோட்டீன் பிளாஸ்டிக்ல ஒட்டிக்குது. அதனால ஒவ்வொரு நேரத்துக்கும் ஐஸ்லயே இருந்த ஜோடி டியூப் ஒண்ணு வேணும், சதவீதத்தை அதை வச்சுத்தான் போடணும்.

எல்லாத்தையும் 30 டிகிரில அல்ஜினேட்டோட சேர்த்து ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ல 235 நானோமீட்டர்ல பாருங்க. லையேஸ் தண்ணி சேர்க்காமயே சங்கிலியை வெட்டும், வெட்டுன முனைல ஒரு இரட்டைப் பிணைப்பு உருவாகும், அதைத்தான் இந்த அலைநீளம் காட்டுது. ஆரம்ப நேர்கோட்டுச் சரிவை மட்டும் எடுங்க. மிச்ச ஆக்டிவிட்டியோட இயற்கை லாகை நேரத்துக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும், 0.693ஐ அந்தச் சரிவால (மைனஸை விட்டுட்டு) வகுத்தா அரை ஆயுள், அதாவது ஆக்டிவிட்டி பாதியாகுற நேரம்.

இந்த மாதிரி லையேஸோட வடிவம் பாக்கணும்னா கடல் முயல்ங்கிற இன்னொரு கடல் நத்தையோட லையேஸ் ஏகேஏலை30க்கு படிக அமைப்பு 2017லயே வந்துருச்சு, எச்டிஏலை இருக்கிற அதே பிஎல்14 என்சைம் குடும்பம், பீட்டா ஜெல்லி ரோல் மடிப்பு. புரோட்டீன் வடிவம் காட்டுற கைமெரா சாஃப்ட்வேர்ல திறங்க, அதே வேலை செய்யுற பைமால் பழகுனவங்க என்னைத் திட்டிக்கலாம்.

அப்டேட்: ரீடிங்கே வரலைன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. ரெண்டு பேருமே வச்சிருந்தது சாதா பிளாஸ்டிக் குவெட்டு (அளக்குற கரைசலை ஊத்துற சின்ன டப்பா), அது 235ல வெளிச்சத்தை விடவே விடாது, குவார்ட்ஸ் வேணும். இன்னொருத்தர் டிரிஸ்ங்கிற வேற பஃபர்ல என்சைமைச் சுடவச்சிருக்கார், அதோட பிஎச் 25 டிகிரில இருந்து 50 டிகிரிக்கு போனா கிட்டத்தட்ட 0.7 இறங்கும், அவர் அளந்தது சூட்டை மட்டும் இல்ல. பாஸ்பேட்லயே திரும்பப் பண்ணுங்க.